தெனியவில் கூப்பிட்ட இடாப்பு

மேடையிலே நடுக்கதிரையில் வீற்றிருக்கும் நம் பாடசாலைச் சபைத் தலைவர், கோப்பி வர்த்தகர் அழகையா பிள்ளை அவர்களே! அவருக்கு இரு பக்கமும் அமர்ந்திருக்கும் சபை அங்கத்தவர்களே! கடைத்தெருவில் தராசை இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் வியாபாரப் பெருமக்களே! தெல்தோட்டைக் கோப்பித் தோட்டங்களிலிருந்து கால்நடையாக வந்திருக்கும் பெற்றோர்களே! பெண்கள் பக்கத்தில் அமர்ந்திருக்கும் திருமதி வடிவம்மா அவர்களே! முன்வரிசையில், இன்றைக்கு மட்டும் கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே! உங்கள் அனைவருக்கும் இந்தப் பாடசாலையின் கணக்கு உபாத்தியாயர் ராஜலிங்கம் வணக்கம் சொல்லிக்கொள்கிறேன்.

போய்விட்டார்! நம் பூகோள உபாத்தியாயர் திருச்செல்வம் அவர்கள் போய்விட்டார். எங்கே போய்விட்டார் என்று இந்தப் பிள்ளைகளைக் கேட்டால், தெனியவுக்குத்தான் போயிருப்பார் என்று சொல்வார்கள். பேராதனை வீதியில், மகாவலி வளைந்து திரும்புகிற இடத்தில், வயலும் இல்லாமல் குளமும் இல்லாமல் நாணல் மண்டிக் கிடக்கிறதே ஒரு சேற்று நிலம், அதைத்தான் சிங்களவர்கள் தெனிய என்கிறார்கள். நாமும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். பத்துப் பன்னிரண்டு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் நம் பிள்ளைகளை அவர் அங்கே நடத்திக்கொண்டு போனார். அந்தச் சனிக்கிழமை நடையை நிறுத்துவதா, தொடர்வதா என்று, இந்த இரங்கல் கூட்டம் முடிந்த கையோடு பக்கத்து அறையில் சபை கூடித் தீர்மானிக்கப் போகிறது. அறிவித்தல் வாசலில் ஒட்டியிருக்கிறது. ஆகவே அன்பர்களே, எனக்கு இன்று இரண்டு வேலை. அழவும் வேண்டும், வாதாடவும் வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் செய்யும் திறமை வக்கீல்மாருக்கு உண்டு. நான் கணக்கு வாத்தியார், முடிந்தவரை பார்க்கிறேன்.

முதலில் ஒரு பேச்சை முடித்துவிடுகிறேன். சேற்றுக் காய்ச்சல்தான் அவரைக் கொண்டுபோய்விட்டது என்று கடைத்தெரு முழுக்கப் பேசுகிறார்கள். யார் கண்டது? அவர் எங்கே இறந்தார்? தெனியவிலா இறந்தார்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, உலர்ந்த வேட்டியோடு, தம் வீட்டுச் சாய்மணைக் கதிரையில் கண்ணயர்ந்தவர் எழுந்திருக்கவில்லை. துக்கம் விசாரிக்கப் போனபோது அவர் மனைவி வடிவம்மா அவர்களே என்னிடம் சொன்னார்கள். "அந்த மனுசன் சேத்துக்கை நிண்ட வரைக்கும் நல்லாத்தான் இருந்தவர். ஒரு நாள் கதிரையிலை சாஞ்சவர், போயிட்டார்." இத்தனை வருஷம் சேற்றில் நின்றவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு மத்தியானம் கதிரையில் உட்கார்ந்தார், உயிர் போய்விட்டது. கணக்கு என்ன சொல்கிறது? ஆபத்து எதில் இருக்கிறது? கதிரையைத் தடை செய்ய இந்தச் சபை தீர்மானம் கொண்டுவருமா? மேடையில் இருப்பவர்கள் கொஞ்சம் யோசித்துக்கொண்டு உட்காரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்பர்களே, அவர் எப்படிப்பட்டவர்? யாழ்ப்பாணத்துக் கடல்நீரேரிக் கரையில் பிறந்தவர். மலைநாட்டுக்கு வந்த முதல் கிழமை ஊரெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டார். "வாத்தியார், இஞ்சை குருவியள் எங்கை தண்ணி குடிக்கிறது?" நான் நகரத்தின் நடுவில் இருக்கும் வாவியைக் காட்டினேன். அது ராசா தனக்கெண்டு கட்டினது, குருவியள் தங்களுக்கெண்டு வைச்சிருக்கிற இடத்தைக் காட்டுங்கோ என்றார். தெரியாது என்றேன். மறு கிழமை அவரே அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு வந்தார், முழங்கால் வரைக்கும் சேறு, முகம் முழுக்கச் சிரிப்பு.

அதற்கடுத்த சனிக்கிழமை பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். வரிசையின் தலையில் அவர் நடந்தார். வாலில் நடக்க ஒரு பெரிய ஆள் வேண்டும் என்று என்னைப் பிடித்துக்கொண்டார். என் கையில் வடிவம்மா கொடுத்துவிட்ட சீலைப்பை. அதற்குள் அட்டை கடித்தால் தேய்க்க உப்பும் தேசிக்காயும். பேராதனை வீதியில் கோப்பி மூட்டை ஏற்றிய மாட்டுக் கரத்தைகள் அடுக்கடுக்காக நின்றன. அவற்றின் இடுக்கில் நாங்கள் நடந்தோம். கரத்தைக்காரர்கள் எங்களைப் பார்த்து, பள்ளிக்கூடத்தை ஏலத்தில் விட்டாச்சா என்று கேட்டார்கள். நான் அன்று புதிதாகத் தைத்த கோட்டும், தலைப்பாகையும், இங்கிலாந்திலிருந்து வந்த சப்பாத்தும் போட்டிருந்தேன். தெனியவில் காலை வைத்தேன். காலை எடுத்தேன். வலது சப்பாத்து வரவில்லை. கையை விட்டுத் துழாவினேன், கம்பை விட்டுத் துழாவினேன், வரவே இல்லை. அன்றைக்கு ஒற்றைச் சப்பாத்தோடு கரத்தைக்காரர்களுக்கு நடுவில் திரும்பி வந்த நடையை நான் வர்ணிக்கப் போவதில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் திருச்செல்வம் உபாத்தியாயர் அந்த இடத்துக்கு வந்ததும் நின்று, தொப்பியைக் கழற்றி, என்னிடம் மரியாதையாகச் சொல்வார். "வாத்தியார், உங்கட சப்பாத்து இஞ்சைதான் கிடக்கு. சுகமா இருக்கும்." பத்து வருஷத்துக்கு மேலாக இதே வார்த்தை! ஒரு தடவைகூட அவருக்கு அலுக்கவில்லை. எனக்கு முதல் தடவையே அலுத்துவிட்டது.

பேராதனைப் பூந்தோட்டத்துக்கும் கூட்டிக்கொண்டு போவார். தெனியவில் நின்றுவிட்டுத் தோட்டத்துக்குப் போவதானால், ஆற்றில் இறங்கிக் கால் கழுவிவிட்டுத்தான் போகவேண்டும். அது அவரே போட்ட சட்டம். ஒரு நாள் பிள்ளைகள் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, விரல் இடுக்கு வரைக்கும் பார்த்துப் பார்த்துக் கழுவச் சொன்னார். தம் காலை மறந்துவிட்டார். வாசல் காவல்காரர் பிள்ளைகளை உள்ளே விட்டார், என்னையும் விட்டார், அவரை விடவில்லை. நியாயம்தானே? அந்தக் காலோடு யார் உள்ளே விடுவார்கள்? அவர் சண்டை போட்டாரா? இல்லை. வேலிக்கு வெளியே நின்று, உள்ளே நிற்கும் மரங்களைப் பற்றிச் சத்தமாகப் பாடம் நடத்தினார். நாங்கள் உள்ளே நகர, அவர் வேலியோரமாக வெளியே நகர்ந்தார். இடக்கைப் பக்கம் நிற்கிறது மூங்கில் என்பார். அவருக்கு இடக்கை, எங்களுக்கு வலக்கை. அன்றைக்குப் பனையைப் பார்த்து மூங்கில் என்று எழுதிக்கொண்ட பிள்ளைகள் இன்று பெரியவர்களாகி இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரென்று நான் சொல்லமாட்டேன்.

இப்போது சங்கதிக்கு வருகிறேன். சபை முன் வைத்திருக்கும் தீர்மானத்தில் 'தொண்டை நோய்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அந்தத் தொண்டை நோய் எப்படி வந்தது? அதை இதுவரை யாரும் வெளியே சொல்லவில்லை. சொல்லவேண்டியவர் கடைசிவரை வாய் திறக்கவில்லை. இன்று நான் சொல்கிறேன்.

தெனியவில் பிள்ளைகளை எண்ணி எடுக்கவேண்டும். நாணல் ஆளுயரம். ஒரு பிள்ளை இரண்டடி உள்ளே போனால் கண்ணுக்குத் தெரியாது. முதல் நாள் நான் வழக்கம்போல வரவு இடாப்பைக் கையில் எடுத்து, வகுப்பில் கூப்பிடுகிற குரலில் பெயர்களைக் கூப்பிட்டேன். முதல் பெயருக்கே தெனியவில் இருந்த அத்தனை கொக்கும் எழுந்து பறந்துவிட்டது. வந்த காரியம் போச்சு. திருச்செல்வம் உபாத்தியாயர் என்னைக் கோபிக்கவில்லை. மறு சனிக்கிழமை ஒரு புது ஏற்பாடு செய்தார். இடாப்பு வாங்கும்போது பெயரை மெல்லிய குரலில்தான் கூப்பிடவேண்டும். கூப்பிட்டால் பிள்ளை 'வந்தேன் ஐயா' என்று சொல்லக்கூடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தெனியவில் வாழும் ஒரு சீவனின் சத்தம். அந்தச் சத்தத்தால்தான் பதில். இப்போதைய பிள்ளைகளில் வீரய்யாவுக்குக் கொக்கு. அலவத்துகொடையிலிருந்து வந்து மாமாவின் கடையில் தங்கிப் படிக்கும் அஸீமுக்குக் கானாங்கோழி. நம் தலைவரின் கடைசி மகள் சுந்தரிக்கு மீன்கொத்தி. பறவைகள் பறக்கவில்லை. யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதும் சத்தத்தைக் கொண்டே தெரிந்துவிடும். எவ்வளவு அருமையான யோசனை! அஸீமின் மாமா மட்டும் ஒரு தடவை என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். விடியற்காலையில் மருமகனை மெல்ல எழுப்பினால் போர்வைக்குள்ளிருந்து கானாங்கோழி கூவுகிறதாம்.

எனக்கும் ஒரு சத்தம் கொடுத்தார். தவளை. நான் ஆட்சேபித்தேன். எல்லாருக்கும் பறவை, எனக்கு மட்டும் ஏன் தவளை என்று கேட்டேன். "வாத்தியார், உங்கட உடம்புக்கும் தலைப்பாகைக்கும் வேறை எது பொருந்தும்?" என்றார். நான் சத்தம் போடுவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். ஒரு கணக்கு உபாத்தியாயர் பிள்ளைகள் முன்னால் தவளை மாதிரிக் கத்துவதா? ஆனாலும் அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் இடாப்பின் கடைசியில் 'ராஜலிங்கம்' என்று மெல்லக் கூப்பிடுவார். காதைக் கொடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். நான் வாயை மூடிக்கொண்டு நிற்பேன். "அடுத்த கிழமை பாப்பம்" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்.

இப்படி இருக்கும்போது, போன வருஷம் பாடசாலைப் பரீட்சைக்கு இன்ஸ்பெக்டர் துரை வந்தார். உதவிப் பணம் கொடுப்பதா இல்லையா என்பது அவர் கையில். நம் சபை முழுவதும் புதுச் சால்வையோடு நின்றது. துரை இப்போது கப்பலேறிச் சீமைக்குப் போய்விட்டார், ஆகவே நான் துணிந்து சொல்கிறேன். அன்றைக்குத் துரைக்குச் சளி. தொண்டை கட்டிப்போயிருந்தது. கழுத்தில் கம்பளித் துணி. அவர் இடாப்பைக் கையில் எடுத்து, என்ன குரலில் கூப்பிட்டார்? மெல்லிய குரலில் கூப்பிட்டார்!

"வீரய்யா" என்றார். வீரய்யா எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, கொக்கு மாதிரி 'க்ராக்' என்றான். துரை நிமிர்ந்து பார்த்தார். பிள்ளைக்கும் தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். "அஸீம்" என்றார். 'குவக், குவக்.' துரை பேனாவைக் கீழே வைத்தார். "சுந்தரி" என்றார். சுந்தரி எவ்வளவு நல்ல பிள்ளை! கூப்பிட்டதும் அழகாக எழுந்து, 'கிக்கிக்கிக்கீ' என்றாள். நான் மூலையில் நின்று கண்ணைக் காட்டுகிறேன், கையைக் காட்டுகிறேன். பிள்ளைகள் என்னைப் பார்த்தால்தானே! இடாப்பு முழுவதும் அப்படியே போயிற்று. பிள்ளைகள் மேல் என்ன பிழை? மெல்லக் கூப்பிட்டால் சத்தத்தால் பதில் என்று சொல்லிக்கொடுத்தோம், அதைச் சொன்னபடி செய்தார்கள். சொன்னபடி செய்வதற்கு ஒரு பரீட்சை இருந்தால் அத்தனை பேரும் அன்று முதல் வகுப்பில் தேறியிருப்பார்கள்.

துரைக்குக் கண் கலங்கிவிட்டது. நோயாளிக்குத்தானே நோயின் அருமை தெரியும்? தம் சட்டைப்பையிலிருந்து தொண்டை மிட்டாயை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். உதவிப் பணத்துக்குக் கையெழுத்துப் போட்டார். போகும்போது, இந்தப் பாடசாலையில் கடுமையான தொண்டை நோய் பரவியிருக்கிறது, ஈரத்தில் நடப்பது காரணமாக இருக்கலாம் என்று எழுதிவிட்டுப் போனார். திருச்செல்வம் உபாத்தியாயர் என்ன செய்வார்? அது நோயில்லை, பறவை என்று சொன்னால், துரையைக் கேலி செய்தோம் என்று ஆகிவிடாதா? பாடசாலைக்குப் பணம் வருமா? ஆகவே வாயை மூடிக்கொண்டார், பிள்ளைகளும் மூடிக்கொண்டார்கள். நம் தலைவர் வீட்டில் பாவம் சுந்தரி, பத்து நாள் கொத்தமல்லிக் கஷாயம் குடித்தாள்.

தலைவர் அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. பெற்ற மனம் பதறாதா? கோப்பி இலையில் மஞ்சள் பொடியாக நோய் விழுந்து வியாபாரம் ஆட்டங்காணும் நேரத்தில், மகளுக்கும் நோய் என்று துரையே எழுதிவைத்தால் எந்தத் தகப்பன் சும்மா இருப்பான்? ஒரு நாள் இதே மண்டபத்தில் கேட்டார். "எங்க பிள்ளைக கணக்குப் படிக்க வருதா, காக்கா பார்க்க வருதா?" நியாயமான கேள்வி. கணக்கு வாத்தியாரான எனக்கு அந்தக் கேள்வி கொஞ்சம் இனிக்கவும் செய்தது. அடுத்த சனிக்கிழமை, நானே வந்து பார்க்கிறேன் என்று தலைவர் தெனியவுக்கு வந்தார். ஆம், வந்தார்!

தலைவர் என்னை முறைக்கிறார். முறைக்கட்டும். இரங்கல் உரையை இடையில் நிறுத்தும் வழக்கம் நம்மிடம் இல்லை.

அன்றைக்கு ஆற்றிலிருந்து மூடுபனி ஏறிவந்துவிட்டது. கை நீட்டினால் கை தெரியவில்லை. தலைவர் எங்களுக்கு முன்னால் நடந்து போனவர் நாணலுக்குள் காணாமல் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் பனிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "நான் யாருன்னு தெரியுமா?" என்று கேட்டது. தெரியும், ஆனால் எங்கே என்றுதான் தெரியவில்லை. அவர் போட்ட சத்தத்தில் பறவையெல்லாம் கிளம்பிவிட்டது. மலையும் சேர்ந்து எதிரொலித்தது. நாலு பக்கமும் தலைவர் நிற்பதுபோல இருந்தது. நாங்கள் ஒரு பக்கம் போனால் குரல் மறுபக்கம் கேட்டது. கடைசியில் அவருக்குக் கத்திக் கத்திக் குரல் இறங்கிவிட்டது. அடித்தொண்டையில், 'ஊம், ஊம், ஊம்' என்று ஒரு முனகல். உடனே பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். "ஐயா, செண்பகம் கூவுது! அந்தப் புதருக்குப் பக்கத்தில!" என்றாள் சுந்தரி. போய்ப் பார்த்தால், தொடை வரைக்கும் சேற்றில் நம் தலைவர். பிள்ளைகள் கைகோத்து நின்று, முதல் ஆளாக மகளே கையைக் கொடுத்து, இழுத்துக் கரை சேர்த்தார்கள். அவருடைய இடது சப்பாத்து வரவில்லை. அங்கேதான் என் வலது சப்பாத்தும் இருக்கிறது. இப்போது சோடி சேர்ந்துவிட்டது.

வெளியே சொல்லக்கூடாது என்று தலைவர் திருச்செல்வம் உபாத்தியாயரிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். பிள்ளைகளிடமும் வாங்கினார். உபாத்தியாயர் கொடுத்த வாக்கைக் கடைசிவரை காப்பாற்றினார். தம் நடையை நிறுத்தத் தீர்மானம் வருகிறது என்று தெரிந்தும், ஒரு வார்த்தை சொன்னால் தீர்மானம் நின்றுவிடும் என்று தெரிந்தும், சொல்லவில்லை. எப்பேர்ப்பட்ட மனிதர்! என்னிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை. வாலில் நிற்பவனை யார் கவனிக்கிறார்கள்? ஆகவே நான் சொல்லிவிட்டேன்.

ஒன்று மட்டும் தலைவருக்கே தெரியாது. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு, இடாப்பில் என் பெயருக்குக் கீழே ஒரு பெயர் சேர்ந்தது. 'அழகையா பிள்ளை, செண்பகம்.' ஒவ்வொரு கிழமையும் திருச்செல்வம் உபாத்தியாயர் அதைக் கூப்பிடுவார். கூப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பார். நான் ஒரு நாள், வராத மனுஷரை ஏன் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். "வந்தவர்தானே. திரும்பவும் வருவார், பேர் கிடக்கட்டும்" என்றார். அன்பர்களே, அவரை யாரெல்லாம் எதிர்த்தார்களோ அவர்களையெல்லாம் அவர் இடாப்பில் சேர்த்து வைத்திருந்தார். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எனக்கு அவரை எவ்வளவு பிடிக்கும் என்று ஒரு நாளும் நான் அவரிடம் சொன்னதில்லை. இப்போது சொல்லுகிறேன், கேட்கத்தான் ஆள் இல்லை.

அந்த இடாப்பில் இல்லாத பெயர் ஒன்றே ஒன்று. அவருடைய பெயர். கூப்பிடுகிறவர் தம் பெயரைக் கூப்பிடுவாரா? இனி யார் கூப்பிடுவது? வரிசையின் தலையில் யார் நடப்பது? சபை அனுமதித்தால், வாலில் நடந்த இந்த ராஜலிங்கம் தலையில் நடப்பான். கோட்டு இல்லாமல் வருவான், தலைப்பாகை இல்லாமல் வருவான், சப்பாத்து நிச்சயமாக இல்லாமல் வருவான். இந்த மண்டபத்தில், வடிவம்மா அவர்கள் முன்னிலையில் இதை உறுதியாகச் சொல்கிறேன். அம்மா, அந்தச் சீலைப்பையில் உப்பும் தேசிக்காயும் போட்டு வையுங்கள்.

உரையை முடிக்கும் முன், அவருக்குச் செய்யவேண்டிய மரியாதை ஒன்று இருக்கிறது. எல்லாரும் கொஞ்சம் அமைதியாக இருங்கள். பிள்ளைகளே, எழுந்து நில்லுங்கள். நான் மெல்லத்தான் கூப்பிடுவேன்.

வீரய்யா.

நல்லது.

அஸீம்.

நல்லது. மாமா சிரிக்கவேண்டாம்.

சுந்தரி.

நல்லது அம்மா. கண்ணைத் துடைத்துக்கொள்.

ராஜலிங்கம்.

கொர்ர்க். கொர்ர்க். கொர்ர்க்.

வடிவம்மா அவர்களே, நீங்கள்தான் சாட்சி. அவர் 'அடுத்த கிழமை பாப்பம்' என்றாரே, அந்தக் கிழமை இதுதான். கொஞ்சம் பிந்திவிட்டேன்.

இன்னும் ஒரு பெயர் இருக்கிறது. நான் அவசரப்படுத்தப் போவதில்லை. அவர் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றதுபோல நானும் நிற்கிறேன்.

அழகையா பிள்ளை.

அழகையா பிள்ளை.

நன்றி ஐயா. செண்பகம் கேட்டது. கடைசி வரிசை வரைக்கும் நன்றாகக் கேட்டது. பக்கத்து அறையில் விளக்கு ஏற்றியிருந்தால் யாராவது போய் அணைத்துவிடுங்கள், சபை கூடத் தேவையில்லை. சனிக்கிழமை விடிய எல்லாரும் பாடசாலை வாசலுக்கு வந்துவிடுங்கள். தலைவரே, நீங்கள் வெறுங்காலோடு வாங்க.